களரிக்குப் போன பணியார எழுத்து

ஃப்ளெக்ஸ் கடைகளுக்குப் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் தொழில்காரர்கள் கேட்டார்கள். ஆயுள் முழுக்க அடுத்தவர் கொடுத்த வாசகத்தை அடித்துக் கொடுத்தவனிடம் சொந்தமாக எழுதச் சொன்னால், விரல் தானாக "வருக வருக" என்றுதான் தொடங்கப் பார்க்கிறது. அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் அருப்புக்கோட்டைத் தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், கம்ப்யூட்டரில் ஆங்கிலம். மூன்றிலும் சரளமாகத் திட்டு வாங்கத் தெரியும். முதலில் தறியில்தான் உட்கார வைத்தார்கள். நான் நெய்த சேலையில் ஒரு பக்கத்துக் கரை பாதி வழியிலேயே விடைபெற்றுக்கொண்டது. துணியை விட்டுவிட்டு வேறு எதையாவது கெடு என்று அப்பா அனுப்பிவைத்தார். அப்படி வந்து சேர்ந்த இடம் இந்தத் தொழில். இப்போது கடையை மருமகன் பார்க்கிறான். கண் மங்கிவிட்டதால் ஓய்வு என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். வாடிக்கையாளர்களே போனில் டிசைன் செய்துகொண்டு வந்து "அப்படியே அடிங்கண்ணே" என்று சொல்லத் தொடங்கிய பிறகு, மங்கியது கண் மட்டும் இல்லை.

ஃபைல் எப்படித் திறப்பது, எந்த அளவில் அடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு எழுத்தை, அதாவது ஃபாண்டைப் பற்றி.

அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ பெயர் இருந்தது. மானிட்டரில் பாதிப் பெயர்தான் தெரியும். எங்கள் கடையில் அதன் பெயர் பணியாரம். குழியில் மாவு ஊற்றி உப்பி வந்ததுபோல ஒவ்வொரு எழுத்தும் இருக்கும். மற்ற எழுத்துகளில் 'ட' என்பது சுவர் மூலை, காலை இடித்துக்கொண்டால் வலிக்கும். பணியாரத்தில் அது மெத்தை போட்ட நாற்காலி. 'க'வுக்குத் தொப்பை உண்டு. 'ழ'வின் வால், நிழலில் படுத்திருக்கும் பூனையின் வால். மெய்யெழுத்துப் புள்ளி எழுத்தின் தலையில் ஒழுங்காக உட்காராது. நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்து, கொஞ்சம் தள்ளி, இதோ உருண்டு விழப்போகிறேன் என்று நிற்கும். ஆய்த எழுத்து மூன்று இட்லி. எந்த வார்த்தையை அதில் போட்டாலும், அந்த வார்த்தை வயிறு நிறையச் சாப்பிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும்.

அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சிறிதாகப் போட்டால் உள்வெளியெல்லாம் அடைத்துக்கொண்டு 'ண'வும் 'ன'வும் ஒரே உளுந்த வடையாகிவிடும். போன் நம்பருக்கு ஆகவே ஆகாது, ஆறும் எட்டும் ஒன்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். நீளமான வாசகம் தாங்காது. இரண்டு மூன்று வார்த்தை, பெரிதாக, சுற்றிலும் காற்றோட்டமாகக் கொடுத்தால் அது தன் வேலையைச் செய்யும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான குறை, அதற்குக் கோபப்படத் தெரியாது. ஒரு வக்கீல், மகளுக்குப் பிடித்த எழுத்து என்று தன் பெயர்ப் பலகையைப் பணியாரத்தில் போடச் சொல்லி அடம்பிடித்தார். கேஸ்காரர்கள் பல் டாக்டர் என்று நினைத்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடியேறினார்கள். பந்தல்குடி ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்கு, டயரும் உருண்டை, எழுத்தும் உருண்டை என்கிற என் மேதாவித்தனத்தில் அதையே போட்டேன். லாரிகள் நின்றன. இறங்கி வந்த டிரைவர்கள் ஜில்லென்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். கடைக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஐஸ் பெட்டி வாங்கி வைத்தார். இப்போது அவர் பஞ்சர் ஒட்டுவதில்லை, சர்பத் போடுகிறார். என்னைப் பார்த்தால் இன்னும் சிரிப்பதா முறைப்பதா என்று முடிவு செய்யாமல் இருக்கிறார்.

காதுகுத்துக்கும் முடி இறக்குக்கும் அந்த எழுத்து எப்படி வந்தது என்பதற்கு அழகுணர்ச்சி காரணம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அன்று அவசரம். அதற்கு முன் அடித்த பேக்கரி ஃபைல் திறந்திருந்தது. கேக்கை எடுத்துவிட்டுக் குழந்தையை வைத்தேன். வந்தவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்து வந்தவர்கள், அவுகளுக்குப் போட்ட அதே எழுத்து வேண்டும் என்றார்கள். எனக்கும் வேலை மிச்சம். சில வருஷங்களில் என் சோம்பேறித்தனம் திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தின் வழக்கமாகவே மாறிவிட்டது. பிள்ளை விசேஷத்துக்கு வேறு எழுத்தில் போர்டு வைத்தால் முறை தவறிவிட்டதாக ஜனங்கள் நினைத்தார்கள். ஒரு அம்மா, வேறு கடையில் அடித்த போர்டைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்து, இது ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கிறது, பிள்ளைக்கு ஆகாது, முறைப்படி அடித்துக் கொடுங்கள் என்று கேட்டது. முறையை உண்டாக்கியவனே நான்தான் என்று சொல்லவில்லை. சொன்னால் மதிப்புக் குறையும்.

இதற்கு நேர் எதிராக ஒரு எழுத்து இருந்தது. அதற்குக் கடையில் அரிவாள் என்று பெயர். ஒவ்வொரு கோடும் முனையில் கூராக முடியும். "அன்புடன் வரவேற்கிறோம்" என்று அதில் போட்டால்கூட "வந்துதான் பாரேன்" என்று கேட்கும். மீசைக்காரர்களின் பிறந்தநாள், வண்டிப் பந்தயம், கோவில் களரி எல்லாம் அதில்தான். இரண்டு எழுத்தும் என் கடையில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் நல்லபடியாகப் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தன. ஒரு மாசி மாதத்தில் இரண்டும் ஒரே போர்டில் வந்து மோதின. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

வெளியூர்த் தம்பிகளுக்காக ஒரு வரி. மாசிக் களரி என்பது, பங்காளிகள் எந்த ஊரில் பிழைத்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை குலசாமி கோவிலில் வந்து கூடுவது. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், சீமைக்கருவேலங் காட்டுக்குள் இருக்கும் ஒரு கோவிலின் பங்காளிகள் கீழவீடு, மேலவீடு என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். சில வருஷங்களுக்கு முன் களரியன்று, ஒரு வீட்டு போர்டைவிட இன்னொரு வீட்டு போர்டு பெரிதாக இருந்தது. அதுவும் அரிவாள் எழுத்தில், சுற்றி நெருப்பு வைத்து. ஒரு கயிறு அறுந்தது. பிறகு இரண்டு மண்டைகள் உடைந்தன. அதிகாரிகள் வந்து கோவிலைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த போர்டுகள் என் கடையில் அடித்தவை இல்லை, எங்கோ வெளியூரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நானும் அடித்துத்தான் கொடுத்திருப்பேன். நெருப்பு இன்னும் நன்றாக வந்திருக்கும்.

கோவில் பூட்டியதில் பெரியவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். உண்மையான கஷ்டம் ஒரு பிள்ளைக்கு. கீழவீட்டுக்கு மூத்த தலைக்கட்டு சோலைமலை. அவருடைய மருமகள் பேச்சியம்மாள், பந்தல்குடிப் பெண். ரொம்ப நாள் கழித்துப் பிறந்த பிள்ளை என்பதால், முதல் முடியை அந்தச் சாமிக்கு இறக்குவதாக நேர்ந்திருந்தாள். நேர்ந்த முடியை வேறு கோவிலில் இறக்க முடியாது, அந்தக் கோவிலோ பூட்டிக் கிடக்கிறது, முடிக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது, அது பாட்டுக்கு வளர்ந்தது. தர்ஷன் என்கிற அந்தப் பையன் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு திரிந்தான். பஸ்ஸில் கண்டக்டர், பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பார். அங்கன்வாடியில் மற்ற பிள்ளைகள் சடையைப் பிடித்து பஸ் ஓட்டியதில் அவன் அங்கே போவதையே நிறுத்திவிட்டான். அந்த வருஷ ஜூனில் ஒன்றாம் வகுப்பு. சடையோடு போக மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அந்த வருஷம் சமாதானக் கூட்டம் போட்டு, களரிக்கு அனுமதி கொடுத்தார்கள். நிபந்தனைகள் காகிதத்தில் இருந்தன. வீட்டுக்கு ஒரு போர்டு. ஒரே அளவு. ஒரே வாசகம். ஆளுக்கு ஒரு போட்டோ. மூன்றாவது போர்டு யாருக்கும் கிடையாது. அளவு மாறாமல் இருக்க இரண்டும் ஒரே கடையில் அடிக்க வேண்டும். களரிக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் கோவில் திறக்கும். ஒரே கடை என்று அவர்கள் கண்டுபிடித்தது என் கடையை. யாருக்கும் பயப்படாதவன் என்பதால் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் சமமாகப் பயப்படுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அந்த முந்தின நாள் காலையில் கடை திறந்ததும் முதலில் வந்தது பேச்சியம்மாள்தான், பையனோடு. முடி இறக்குக்கு ஒரு சின்ன போர்டு, வழக்கமான பணியாரத்தில் வேண்டும் என்றாள். மூன்றாவது போர்டு கூடாது என்கிற நிபந்தனையைச் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. இத்தனை வருஷம் முடியைச் சுமந்த பிள்ளைக்கு அவன் பேர் போட்டு ஒரு துணிகூடக் கட்டக் கூடாதா என்று மட்டும் கேட்டுவிட்டு, வெளியில் வெயில் ஏறிவிட்டதால் பஸ்ஸுக்கு நேரமாகும் வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று வாசல் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையன் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் சோலைமலை வந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்வதற்குள் மேலவீட்டுத் தலைக்கட்டு இருளாண்டியும் வந்துவிட்டார். சோலைமலைக்குச் சித்தப்பா மகன், தம்பி முறை. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இரண்டு நாற்காலியையும் எதிரெதிர்த் திசையில் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். டேபிள் ஃபேன் ஒன்றுதான். யார் பக்கம் நிறுத்தினாலும் வம்பு. சுற்ற விட்டேன். அந்த ஃபேன்தான் அன்று கடையில் இருந்தவர்களிலேயே நடுநிலையானது.

வாசகத்தில் தகராறு இல்லை, அது முத்திரை போட்டு வந்திருந்தது. அளவிலும் இல்லை. எழுத்து என்று வந்ததும் இருவரும் அரிவாள் என்றார்கள். அடடா, ஒற்றுமை என்று நினைத்தேன். என் ஆயுளில் நான் நினைத்த தவறுகளில் அதுவும் ஒன்று. இருளாண்டி தனக்குக் கூர் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றார். சோலைமலை தனக்கு அதற்கும் மேலே வேண்டும், ஓரத்தில் சிவப்புக் கோடும் வேண்டும் என்றார். அப்படியென்றால் எனக்கு நெருப்பு என்றார் இருளாண்டி. காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீளம், அகலம், போட்டோ, வார்த்தை எல்லாம் எழுதியிருந்தார்கள். எழுத்தின் உருவத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நிபந்தனை எழுதிய அதிகாரிகள் நம் தொழிலை எவ்வளவு மதிக்கிறார்கள் பாருங்கள்.

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு காலை நேரம் வரும். அடித்துக் கொடுத்தால் கோவில் வாசலில் மறுபடி கயிறு அறும். மாட்டேன் என்றால் ஆளுக்கொரு கடைக்குப் போவார்கள், ஒரே கடை என்கிற நிபந்தனை போய்விடும், அனுமதியும் போய்விடும். இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டால் அந்த நிமிஷமே ரத்து. பெரியமனுஷன் மாதிரி இருவருக்கும் புத்தி சொல்லலாம். அதற்கு ஒரு முகவெட்டு வேண்டும். என் முகத்தைப் பார்த்து இதுவரை என் பேரப்பிள்ளைகள்கூட எழுந்து நின்றதில்லை. அரிவாள் ஃபாண்டு வேலை செய்யவில்லை என்று பொய் சொல்லலாம். பக்கத்து மானிட்டரில் மருமகன் அதில்தான் ஒரு மீசைக்காரருக்குப் பிறந்தநாள் அடித்துக்கொண்டிருந்தான். இப்படி ஒவ்வொரு வழியாக அடைபட்ட பிறகு, எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்துக்குத் திரும்பினேன். எந்த விசேஷத்துக்கு எந்த எழுத்து என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

நாளைக்குக் களரியில் முடி இறக்கும் இருக்கிறதே, மூன்றாவது போர்டு கிடையாது என்று எழுதியிருக்கிறதே, அப்படியானால் பிள்ளை பெயர் எங்கே வரும் என்று, வாசகக் காகிதத்தைப் பார்த்தபடி, யாரிடமும் கேட்காத மாதிரி கேட்டேன்.

"எம் பேரன். எம் போர்டுல போடு" என்றார் சோலைமலை.

"போட்டுரலாம் அண்ணாச்சி. ஆனா ரெண்டு போர்டுலயும் வாசகம் ஒண்ணா இருக்கணுமே."

ஃபேன் ஒரு சுற்று சுற்றி வந்தது. சோலைமலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இருளாண்டியிடமிருந்து வந்தது, அவரும் ஃபேனைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவுக பேரன்னா எனக்கு யாராம்? நானும் தாத்தன்தானப்பா. என் போர்டுலயும் போடு. நாளைக்குப் பந்தல்குடிக்காரவுக சீரு தூக்கிட்டு வாராக. மேலவீட்டுக்காரன் பிள்ளைய ஒதுக்கிட்டான்னு அவுக வாயால நான் கேக்கணுமா?"

சோலைமலை மறுத்துப் பேச வாயெடுத்தார். மறுத்தால் பிள்ளைக்கு ஒரு தாத்தாவைக் குறைத்தது அவராக ஆகிவிடும். எடுத்த வாயை மூடிக்கொண்டார். நான் அவசரமாகப் பிள்ளை பெயரை அடித்தேன். கை பழக்கத்தில் அது பணியாரத்தில் வந்தது. மேலே அரிவாளில் சாமி வாசகம், நடுவில் மீசையோடு போட்டோ, கீழே பணியாரத்தில் "தர்ஷன்". கொள்ளைக்காரன் இடுப்பில் பால் புட்டியைச் செருகிய மாதிரி இருந்தது.

"என்னப்பா இது, மேல சண்டை, கீழ தாலாட்டு" என்றார் சோலைமலை.

அது எனக்கு முன்பே தெரியும். இரண்டில் ஒரு எழுத்துதான் இருக்க வேண்டும். எது என்று நான் சொன்னால் அது என் கருத்து, என் கருத்துக்கு அங்கே விலை கிடையாது. அதனால், பிள்ளை பெயரையும் அரிவாளிலேயே மாற்றிப் பார்க்கிறேன் என்று மாற்றினேன். 'ர்'மேல் இருந்த நெல்லிக்காய் மறைந்து ஆணி முளைத்தது. 'ஷ'வின் வால் கொக்கியாக வளைந்தது. அந்தப் பெயரைப் பார்த்தால் பிள்ளை எங்கிருந்தோ ஜாமீனில் வந்த மாதிரி இருந்தது. இரண்டு தாத்தாக்களும் நாற்காலியைத் திருப்பி மானிட்டரைப் பார்த்தார்கள். அதாவது, கவனியுங்கள், இருவரும் ஒரே திசையில் பார்த்தார்கள்.

வாசல் ஸ்டூலில் இருந்து பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. பையன் மடியில் தூங்குகிறான். உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"மாமா. சின்ன மாமா. சாமிக்கு நேந்த தலை இது. இந்தப் பேரைச் சுத்தி கத்தி வேணாம்."

சின்ன மாமா என்று அவள் கூப்பிட்டது இருளாண்டியை. கோவில் பூட்டிய நாளிலிருந்து அந்த வார்த்தை அந்தக் குடும்பத்தில் யார் வாயிலும் வந்ததில்லை. நாளைக்கு அந்தத் தலையில் நாவிதர் நிஜமாகவே கத்தி வைக்கப்போகிறார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட நகைச்சுவைகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

இருளாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப முழுசும் அந்த உருண்டை எழுத்தா? என் மீசைக்குக் கீழ அதைப் போட்டா பிறந்தநாள் கேக்கு மாதிரி இருக்கும்ல."

"இருக்கும் அண்ணாச்சி."

"அவுகளுக்கும்?"

"அவுகளுக்கும் அப்படித்தான் இருக்கும்."

"மாறாதே?"

"புள்ளிகூட மாறாது."

அவர் சோலைமலையின் மீசையை ஒருமுறை பார்த்தார். சோலைமலை இவருடைய மீசையைப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவில் கேலிக்கு ஆளாகும் என்பது உறுதியானதும், இருவருக்கும் ஒரு நிம்மதி வந்தது. சரி என்று சொன்னது இருளாண்டி. அடி என்று சொன்னது சோலைமலை.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். வாசகத்தில் ஒரு வரி கூடியிருக்கிறதே, யார் சேர்த்தது என்று கேட்டார். "நாங்கதான்யா" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் ஒரே வார்த்தையைச் சொன்னது தெரிந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு போர்டையும் தரையில் விரித்து, டேப் வைத்து அளந்து, கடைசியில் நிமிர்ந்து நின்று பார்த்தார். உதட்டோரம் துடித்தது. தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டு, கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நானும் போனேன். போர்டு கட்டுவதைப் பார்வையிட என்று பெயர். உண்மையில் வீட்டில் இருந்தால் இருப்புக் கொள்ளாது. வண்டிப்பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு போர்டு. திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்களில் வந்து இறங்கியவர்கள் முதலில் திகைத்து, பிறகு அதன் முன் நின்று போட்டோ எடுத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காற்றடித்து மேலவீட்டு போர்டின் ஒரு கயிறு தளர்ந்தது. போர்டு ஒரு பக்கம் கீழே சாய்ந்தது. கீழவீட்டு போர்டு நிமிர்ந்து நின்றது.

மேலவீட்டு இளவட்டங்கள் கூடிவிட்டார்கள். யார் கயிற்றைத் தொட்டது என்று ஒருவன் கேட்டான். நாங்கள் ஏன் தொடுகிறோம் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன். நின்றிருந்த போலீஸ்காரர்கள் நடக்கத் தொடங்கினார்கள். பேச்சியம்மாள் சாமி முன்னால் பையனை வைத்துக்கொண்டு நின்றாள், நாவிதர் இன்னும் கிண்ணத்தில் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அவள் பையனின் சடை இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தாள். அடுத்த சில நிமிஷத்தில் கோவிலைப் பூட்டினால் அவன் தலையை யாராலும் தொட முடியாது.

மேலவீட்டுப் பையன் ஒருவன் ஆத்திரத்தில் போர்டைப் பிடித்து இழுத்தான். இருளாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏலே, கைய எடு. பிள்ளை பேரு இருக்குடா அதுல. கிழிஞ்சா உன்னயக் கிழிச்சிருவேன்."

அவன் கையை எடுத்தான். பிள்ளை பெயர் கிழியாமல் கயிற்றை எப்படி இழுத்துக் கட்டுவது என்று அந்த இளவட்டங்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். யோசனை வந்த இடத்தில் சண்டை கொஞ்சம் ஒதுங்கி நின்றது. எதிர்ப்பக்கத்துக்காரன் ஒருவன், அந்தப் பக்கத்து முடிச்சை முதலில் அவிழ்க்கணும் என்று தூரத்திலிருந்தே யோசனை சொன்னான். சொன்னவன் பிறகு வந்து கம்பைப் பிடித்தும் கொடுத்தான். போலீஸ்காரர்கள் நடந்த வேகத்திலேயே திரும்பிப் பழைய நிழலுக்குப் போனார்கள். நான் உதவி செய்கிறேன் என்று போய் ஒரு கருவேல முள்ளை மிதித்து, களரியில் அன்று ரத்தம் சிந்திய ஒரே ஆளானேன்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்து முடி இறக்கினார்கள். முதல் சடை விழுந்ததும் பையன் அழுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் குனிந்து அதைப் பார்த்தான், பிறகு இன்னொன்றையும் சீக்கிரம் என்றான். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அவன் இரண்டு தாத்தாக்களுக்கும் நடுவில் ஓடினான். பேச்சியம்மாள் அவனைப் பிடிக்கப் போகவில்லை, நின்ற இடத்திலேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தூரத்திலிருந்து பார்க்க, அந்தத் தலை என் எழுத்தின் புள்ளி மாதிரியே இருந்தது. உருண்டு விழப்போகிற மாதிரி, ஆனால் விழாமல்.

இதிலிருந்து ஃபாண்டு மாற்றினால் பகை தீரும் என்று யாரும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சித்திரையிலேயே ஒரு வரப்புக்காக இரண்டு வீடும் ஸ்டேஷன் வாசலில் நின்றன. எழுத்து அவ்வளவெல்லாம் செய்யாது. ஒரு நாள் கடந்து போக வழி விடும், அவ்வளவுதான். அந்த ஒரு நாள் யாருக்கு வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அந்த ஆள் வாசல் ஓரத்து ஸ்டூலில் இருப்பார்.

அடுத்த மாசிக்கு முன்பாக இருளாண்டி தனியாக வந்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வருசமும் அதே எழுத்துதான்ப்பா. ஆனா எனக்கு மட்டும் கொஞ்சம் கூட உப்பலா போடு. அவுகளுக்குத் தெரிய வேணாம்."

நான் மருமகனைப் பார்த்தேன். அவன் தன் போனை என் பக்கம் நீட்டினான். அன்று காலையில் சோலைமலை அனுப்பிய குரல் செய்தி அதில் இருந்தது, காதோடு வைத்துக் கேட்டேன். ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், மற்றபடி வார்த்தைக்கு வார்த்தை இருளாண்டி சொன்னதேதான்.

இருவருக்கும் புள்ளிகூட மாறாமல் ஒரே மாதிரி அடித்துக் கொடுத்தோம். தன்னுடையதுதான் உப்பல் என்று ஆளுக்கொரு போர்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சந்தோஷமாகப் போனார்கள்.